கற்களை மாற்றி அடுக்கிய நாள்

இன்று காலை விளக்கைப் போட்டபோது, மீன்தொட்டியின் மேல்மூலையில், வடிகட்டிக்குப் பின்னால், வால் கிழிந்த ஆரேட்டஸ் சிக்லிட் வகை மீன் ஒன்று ஒடுங்கி நின்றிருந்தது.

பெண்ணைப் போல மஞ்சளாகவே இருந்துவந்த அந்த இளம் ஆணின் வயிற்றில் அண்மையில்தான் கருமை படரத் தொடங்கியிருந்தது. ஏற்கெனவே கறுத்து, பெரிய கல்லிடுக்கைத் தனதாக்கிக்கொண்ட மூத்த ஆணுக்கு அந்த நிறமே போதுமான அறைகூவல்.

இவற்றின் தாயகமான ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளிலும் இந்த ஆண் மீன்கள் எல்லை காப்பவைதான். ஆனால் அங்கே தோற்றது நீந்தி விலகிவிடலாம், துரத்தலும் அத்தோடு முடிந்துபோகும். நான்கடித் தொட்டியில் விலகிச் செல்லத் தொலைவே இல்லாததால், தோற்ற மீன் சாகும் வரைகூட அது நீளக்கூடும். இதை முரட்டு மீன் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது; அந்தத் தொலைவை எடுத்துக்கொண்டவர்கள் நாம்தானே.

அடிபட்டதைத் தனித்தொட்டிக்கு மாற்றினேன். பிறகு கற்களையெல்லாம் வெளியே எடுத்து, ஓர் இடுக்கிலிருந்து மற்றொன்று தெரியாதபடி புதிதாக அடுக்கினேன்; பழைய எல்லைகள் அழிந்துவிட்டால் மூத்ததும் இடத்தை முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். ஓர் ஆணுக்குப் பல பெண்கள் இருந்தால்தான் துரத்தல் ஒரே மீன்மீது குவியாது என்பதால், இளையதை இனி இங்கே திருப்பி விடப்போவதில்லை.

தண்ணீர் சுத்தமாக இருந்தால் வால் வளர்ந்துவிடும். அதற்குள் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேட வேண்டும்.