பந்தை அடிக்கும் முன்பே ஓடியவர்: கேட்லின் லோ

கிரிக்கெட்டில் பந்தை அடித்த பிறகுதான் ஓட்டம். பேஸ்பாலின் உறவான சாஃப்ட்பாலில் ஒரு வகை பேட்டர்கள் இருக்கிறார்கள். பந்து பிட்சரின் (பந்தை வீசுபவர்) கையை விட்டுக் கிளம்பும்போதே ஓடத் தொடங்கி, ஓடிக்கொண்டே அடிப்பார்கள். ஸ்லாப்பர் என்று பெயர். அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் இந்த வித்தையைச் சுத்தமாகச் செய்தவர்கள் என்று பட்டியல் போட்டால் கேட்லின் லோ முதல் சில பெயர்களில் வந்துவிடுவார். 2004 முதல் 2007 வரை அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல் அமெரிக்கன் முதல் அணியில் நான்கு வருடமும் இடம். இன்று அதே அரிசோனாவின் தலைமைப் பயிற்சியாளர்.

ஸ்லாப் பார்க்க எளிது, செய்யக் கஷ்டம். பேட்டர் அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் 60 அடி. பிட்சர் நிற்பது வெறும் 43 அடியில். இடது கை பேட்டர் ஏற்கெனவே முதல் பேஸுக்கு ஓரிரு அடி பக்கத்தில் நிற்கிறார். ஸ்லாப்பர் அதோடு ஓட்ட வேகத்தையும் சேர்த்துக்கொள்கிறார். பந்து வெளிப்படும் நேரத்தில் இடது கால் வலது காலுக்கு முன்னால் குறுக்கே போகும். அந்த அடி பிட்சரை நோக்கிப் போக வேண்டும். பழகுகிறவர்கள் இங்கேதான் தவறுவார்கள்: அவசரத்தில் கால் முதல் பேஸ் பக்கம் போய்விடும், வலது தோள் திறந்துவிடும், வெளிப்பக்கப் பந்து மட்டைக்கு எட்டாது. பிட்சர்களுக்கும் இது தெரியும் என்பதால் அங்கேயே போடுவார்கள்.

அடுத்தது பெட்டி. பேட்டர் நிற்கும் கட்டம் 7 அடி நீளம். பிளேட்டின் மையத்துக்கு முன்னால் 4 அடி, பின்னால் 3 அடி. பந்து படும்போது ஒரு பாதம் முழுதாகக் கோட்டுக்கு வெளியே தரையில் ஊன்றியிருந்தால் அவுட். அதனால் ஓட இடம் வேண்டி ஸ்லாப்பர் பின்னால் தள்ளி நிற்பார். சீக்கிரம் கிளம்பினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிட்சர் சேஞ்ச்அப் என்ற மெதுவான பந்தைப் போட்டால் காலடி முடிந்துபோயிருக்கும், கை மட்டும் நீளும், பந்து சின்னதாக மேலே எழும்பிக் கேட்ச் ஆகும்.

பந்தின் மேல்பாதியைத் தட்டி, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) பக்கம் தரையில் குத்தி எழும்ப விட வேண்டும். நல்ல ஸ்லாப்பர் முதல் பேஸை 2.7 நொடி சுமாரில் தொடுவார். பந்து இரண்டாம் முறை குதிக்கும்வரை ஷார்ட்ஸ்டாப் காத்திருந்தால் கதை முடிந்தது. அவர் பயந்து முன்னால் வந்து நின்றால், அவரைத் தாண்டி வேகமாக அடிக்கலாம். மூன்றாம் பேஸ் ஆள் பின்வாங்கினால் பன்ட், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் களத்தைப் படித்து முடிவெடுக்கும் பழக்கம் இங்கிருந்தே வருகிறது. பிற்காலத்தில் பயிற்சியாளராக, அணி உட்காரும் டக்அவுட்டில் நின்று செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

லோ ஆடிய காலத்தில் அரிசோனா 2006, 2007 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் வென்றது. 2007 இறுதிச் சுற்று மூன்று ஆட்டம் வரை போனது: டென்னசியிடம் முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவதில் வழக்கமான ஏழைத் தாண்டிப் பத்து இன்னிங்ஸ் ஆடி 1–0, மூன்றாவதில் 5–0. அடுத்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கா ஜப்பானிடம் 3–1 என்று தோற்று வெள்ளியோடு திரும்பியது. அந்த அணியிலும் லோ இருந்தார், பயிற்சியாளரும் அரிசோனாவின் மைக் கேண்ட்ரியாவே. அதோடு சாஃப்ட்பால் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. டோக்கியோவில்தான் திரும்ப வந்தது. தொழில்முறை லீக்கில் ஆடினார், ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இந்த விளையாட்டின் நட்சத்திரங்கள் இத்தனை பேர் பயிற்சிப் பக்கம் போவதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை.

லோ நேராகத் தலைமை நாற்காலிக்கு வரவில்லை. அரிசோனாவில் முதலில் நிர்வாகப் பணி. பஸ், ஹோட்டல், சாப்பாடு, பயண அட்டவணை என்று யாரும் கைதட்டாத வேலைகள். பிறகு உதவிப் பயிற்சியாளர். எட்டு தேசியப் பட்டம் வாங்கிய கேண்ட்ரியா 2021 ஜூனில் ஓய்வு பெற்றதும் பொறுப்பு லோ கைக்கு வந்தது. ஆட்டக்காரராகப் பெற்ற பெயர் கதவைத் திறக்கும். உள்ளே என்ன செய்வதென்று கற்றுக்கொடுத்தது அந்த இடைப்பட்ட வருடங்கள்தான் என்பது என் எண்ணம்.

காரணம், தலைமைப் பயிற்சியாளர் வேலையில் பாதி கணக்குப்பிள்ளை வேலை. சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, ஒரு நாள் கட்டாய விடுமுறை. வழக்கமான சீசனில் அதிகபட்சம் 56 ஆட்டம். முழு உதவித்தொகை 12 மட்டுமே என்பதுதான் பல காலம் விதி. அதை இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பங்குபோட வேண்டும். நல்ல பிட்சருக்கு முழுசாகக் கொடுத்தால் வெளிக்களத்தில் ஒருத்திக்குக் கால்வாசிதான் மிஞ்சும். 2025–26 முதல் அந்த வரம்பு போய், அணியில் 25 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பள்ளி மாணவிகளிடம் அவர்களுடைய பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1க்கு முன் பேசவே முடியாது. கையில் இருப்பவர்களும் வேறு கல்லூரிக்கு மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கிளம்பிவிடலாம்.

ஆட்டத்துக்குள் வந்தால் பெரிய தலைவலி பிட்சர். ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும் பேட்டருக்கு அவருடைய பந்துகள் பழகிவிடும். ஆட்டத்தைத் தொடங்கியவர் வெளியே போய், தன் பேட்டிங் இடத்துக்கே ஒருமுறை திரும்பி வரலாம் என்று விதி இருக்கிறது. எனவே ஆபத்தான இரண்டு பேட்டருக்கு மட்டும் வேறு பிட்சரைப் போட்டுவிட்டு முதல் ஆளைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் அது ஒரே தடவை. நான்காம் இன்னிங்ஸில் செலவழித்தால் ஏழாம் இன்னிங்ஸில் கை வெறுங்கை.

முடிவுகள் ஏறி இறங்கித்தான் இருக்கின்றன. 2022இல் கான்ஃபரன்ஸில் (தன் கல்லூரிக் குழும லீக்கில்) பின்தங்கிக் கிடந்த அணி, மிசௌரியிலும் மிசிசிப்பி ஸ்டேட்டிலும் வெளியூர் மண்ணில் ஜெயித்து தேசியப் போட்டியின் கடைசிக் கட்டமான ஓக்லஹோமா நகரத்து கல்லூரி உலகத் தொடருக்கே போனது. அடுத்த ஆண்டே, 1986க்குப் பிறகு முதல் முறையாக, தேசியப் போட்டிக்கே அழைப்பில்லை. 2024இல் அர்கன்சாவில் நடந்த சுற்றை வென்று, அடுத்த சுற்றில் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் தோற்று நின்றது. 2025இல் டூசானில், சொந்த மைதானத்திலேயே சுற்று நடந்தது. அங்கே ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழக அணி) ஜெயித்துவிட்டுப் போனது.