ஃபிட் சார்

ராணுவத்தில் 17 வருடம் கிளார்க்காக இருந்தேன். துப்பாக்கியைத் தொட்டதைவிட டைப்ரைட்டரைத் தொட்டதுதான் அதிகம். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின், ஒரு வட மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நல அமைப்பாளர் வேலை கிடைத்தது. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் குறைவு. வேலூர் அருகே கம்மவான்பேட்டையை மிலிட்டரி கிராமம் என்றே சொல்வார்கள். அதனால் என் மேசைக்கு முன்னால் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பிள்ளைக்குப் படிப்பு உதவித்தொகை, கேண்டீன் கார்டு, ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் பெயர் தப்பாக ஏறியிருக்கிறது, மனைவியின் பிறந்த தேதி பொருந்தவில்லை. ஒன்றை மட்டும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், உடம்பைப் பற்றி. மகளின் உதவித்தொகைக்காகப் படியேறி வந்தவர் காலை இழுத்து இழுத்து நடப்பார். "கால்ல என்ன?" என்று கேட்டால், "அது ஒண்ணுமில்ல சார், பனியில கொஞ்சம்" என்பார். டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் 'லோ மெடிக்கல் கேட்டகரி', அதாவது உடல்தகுதி குறைந்தவர் என்று இருக்கும். அதற்கு உரிய ஊன பென்ஷன் வருகிறதா என்றால் அவருக்கே தெரியாது.

விதி என்னவோ எளிமையானதுதான். ஊனம் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும், அது பணியால் வந்ததாகவோ பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைவான ஊனத்துக்கு அந்த விகிதப்படி, வழக்கமான பென்ஷனோடு சேர்ந்து வரும். சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதவீதம் என்றால் 12,000 ரூபாய், 40 சதவீதம் என்றால் 4,800. போரில் பட்ட காயத்துக்குக் கணக்கே வேறு, அது இதைவிட அதிகம்.

எளிமை அத்தோடு முடிந்தது. 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல' என்று ராணுவ டாக்டர்களின் மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நானா' என்று வரும். ரத்தக்கொதிப்புக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள் பலருக்கு இந்த முத்திரைதான் விழுந்தது. நாயக் பதவியில் இருந்து வந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "பத்தொன்பது வயசுல ஒரு குறையும் இல்லன்னு எடுத்தாங்க. முப்பத்தெட்டுல பி.பி.யோட அனுப்புறாங்க. யாரு காரணம்னு பேப்பரப் பார்த்தா 'நானா'ன்னு போட்டிருக்கு. நானா சார் காரணம்?"

நான் சிரிக்கவில்லை. காரணம் இருக்கிறது. போர்டுக்குப் போகும் படிவத்தில் யூனிட் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று உண்டு. எங்கே வேலை செய்தார், என்ன வேலை, பணிச்சுமை நோய்க்குக் காரணமா என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். இளம் கிளார்க்காக இருந்த காலத்தில் அதை நிரப்பியவன் நான்தான். முந்தைய ஆளின் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'அமைதிப் பகுதி', 'இல்லை', 'இல்லை' என்று தட்டிக்கொண்டே போவேன். மாலைக்குள் ஆறு படிவம் முடிய வேண்டும். அதிகாரி கையெழுத்துப் போடுவார். அந்த ஆள் அதற்கு முன் மூன்று வருடம் எல்லையில் இருந்தாரா என்று நான் புரட்டிப் பார்த்ததில்லை. எத்தனை பேருக்கு அப்படித் தட்டினேன் என்ற கணக்கும் என்னிடம் இல்லை.

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வலிப்பு நோயால் 20 சதவீத ஊனத்தோடு வெளியே அனுப்பப்பட்ட சிப்பாய் அவர். சேரும்போது அப்படி ஒரு நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை என்றால், நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பணியால் வரவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த நாயக் கேட்டதும் இதேதான். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஆண்டு ராம் அவதார் வழக்கில் இன்னொரு தீர்ப்பு. ஊன சதவீதத்தை மேலே தூக்கி முழுமையாக்கும் வழக்கம் 1996இலிருந்தே உண்டு: 50க்குக் கீழே என்றால் 50, 50 முதல் 75 வரை என்றால் 75, அதற்கு மேல் 100. ஆனால் அது நோய்க்காக இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். முழுப் பணிக்காலம் முடித்து ஊனத்தோடு வந்தவருக்கும் அது உண்டு என்றது 2014 தீர்ப்பு. தீர்ப்பு வந்ததால் பணம் தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொருவரும் மனு எழுத வேண்டும், மேல்முறையீடு, பிறகு சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தாமதமாகப் போனவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வருட நிலுவைதான் கிடைத்தது. அதற்கு முந்தையது போனது போனதுதான்.

இப்படி ஒரு மனுவுக்காகத்தான் ஒரு சுபேதாரின் மனைவி என்னிடம் வந்தார். மலைப்பாதையில் வண்டி உருண்டு சுபேதாருக்கு முதுகெலும்பில் அடி. பணியில் நடந்த விபத்து, அதில் தகராறே இல்லை. ஓய்வு பெறும்போது 40 சதவீதம் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பதினைந்து வருடத்தில் முதலில் கைத்தடி, அப்புறம் வாக்கர், அப்புறம் கட்டில். 40ஐ 50 ஆக்கினால் போதும் என்று அந்த அம்மா நினைத்திருந்தார். 50 ஆக்குவதில் நிறுத்த வேண்டாம், மறுபரிசீலனை போர்டு கேளுங்கள் என்றேன். முதல் போர்டின் மதிப்பீடு ஆயுளுக்கும் செல்லும், சம்பந்தப்பட்டவரே கேட்டால் மட்டும் மறுபடி பார்ப்பார்கள். அதோடு, 100 சதவீத ஊனமும் எப்போதும் ஓர் ஆள் துணையும் தேவை என்று போர்டு சொன்னால், பென்ஷனுக்கு மேல் அட்டெண்டன்ட் அலவன்ஸ் தனியாக உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017 ஜூலை முதல் அது 4,500இலிருந்து 6,750 ரூபாய் ஆகியிருந்தது.

"அவர் கேக்க மாட்டாரே தம்பி" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்தபடியே முகம் மழித்து, மீசை முறுக்கி, பனியன் வெள்ளையாக இருந்தார். "சாப், கையெழுத்துப் போடுங்க" என்றேன். "நீ எந்த யூனிட்?" என்று ஆரம்பித்து வெலிங்டனில் பயிற்சி எடுத்த கதை, மதராஸ் ரெஜிமெண்டின் 'அடி கொல்லு' முழக்கம் எல்லாம் ஒரு மணி நேரம் ஓடியது. கையெழுத்து மூன்றாவது தடவை போனபோதுதான் கிடைத்தது. அதுவும் 40ஐ 50 ஆக்கும் மனு என்றுதான் நினைத்துப் போட்டார் என்று எனக்குச் சந்தேகம்.

போர்டுக்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். என்ன முடியும் என்று கேட்டால் என்ன முடியாது என்று சொல்லுங்கள், சாப். தலையாட்டினார். மறுநாள் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் இடுப்புக்கு மேலே விறைப்பாக நிமிர்ந்தார். டாக்டர் இளம் வயது மேஜர், வடக்கத்திக்காரர். இந்தியில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஃபிட், சார்!"

அறையே அதிர்ந்தது. மேஜர் முகத்தில் மரியாதை தெரிந்தது, பேனாவும் தாளை நோக்கிப் போனது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அப்போது பின்னாலிருந்து அந்த அம்மா தமிழில் பேசத் தொடங்கினார். காலையில் நான்கு மணிக்கு எழுப்பி ட்யூப் மாற்றுவது, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் புரட்டுவது, மலம் தானாக இறங்காததால் என்ன செய்கிறார் என்பது, முதுகில் புண் வந்த இடங்கள். கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. ரேஷன் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னார். மேஜர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியது நான்தான்.

சுபேதாருக்கு இந்தி நன்றாகத் தெரியும். மனைவி தமிழில் சொன்னதை ஒரு தடவை, நான் இந்தியில் சொன்னதை ஒரு தடவை என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட மென்மையான சொல் இந்தியில் இருக்குமா என்று தேடினேன். மென்மையாகச் சொன்னால் சதவீதம் குறையும் என்ற பயத்தில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். திரும்பி வரும் வழியில் அவர் என்னோடு பேசவில்லை.

உத்தரவு வர எட்டு மாதம் ஆனது. 100 சதவீதம், அலவன்ஸும் சேர்த்து. செய்தி சொல்லப் போன் செய்தால் அந்த அம்மா வீட்டுக்கு வர வேண்டாம் என்றார். மறுநாள் அவரே அலுவலகத்துக்கு வந்து கடிதத்தை வாங்கி, இரண்டாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பென்ஷன் கூடியிருக்குன்னு மட்டும் சொல்லிக்கிறேன் தம்பி. கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

சரிம்மா என்றேன். அடுத்து வரிசையில் நின்றவர் கேண்டீன் கார்டு கேட்டார்.