எந்தப் பக்கத்துச் சத்தம்?

29 ஜூன் 2024, சனி

ஓசூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு இரவு திரும்பும்போதுதான் கவனித்தேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி அறுபதைத் தொட்டதும் முன்பக்கத்திலிருந்து ஓர் ஊளை. எழுபதில் இன்னும் கனமாக, நாற்பதுக்கு இறங்கினால் சுத்தமாகக் காணோம். மேம்பாலம் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். சிக்னல் கிடையாது, பள்ளமும் கிடையாது. ஒரு சத்தத்தோடு தனியாக உட்கார பெங்களூரில் இதைவிட நல்ல இடம் இல்லை.

பக்கத்தில் அப்பா. ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் 33 வருடம் நின்றவர், காது அங்கேயே போய்விட்டது. காது மெஷின் எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். "சத்தம் வருதுப்பா" என்று கத்திச் சொன்னேன். "சத்தம் தெரியல. காலுக்கடியில கரகரன்னுது" என்றார்.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி, 1,38,000 கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் பழைய கார்களின் மறுபதிவுக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். அதையும் கட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம். வித்துவிடு என்று சொல்லாத உறவினர் இல்லை.

1 ஜூலை, திங்கள்

காலை ஐந்தரைக்கு அல்சூரிலிருந்து பழைய மெட்ராஸ் சாலையில் தனியாக ஒரு ஓட்டம். அந்த நேரத்தில்தான் அது சாலை மாதிரி இருக்கும்.

முதலில் எஞ்சினா, சக்கரமா என்று பிரிக்க வேண்டும். அறுபதில் கிளட்ச்சை அழுத்தி நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் அடங்கியது, ஊளை அடங்கவில்லை. வண்டியின் வேகத்தோடுதான் அது இறங்கியது. ஆக எஞ்சின் இல்லை. திருப்பத்தில் முழுக்க ஒடித்தால் 'டக் டக்' என்று கேட்க வேண்டும், அப்படிக் கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) ஜாயிண்ட். அதுவும் இல்லை. மிச்சம் இரண்டு: டயர் அல்லது வீல் பேரிங், அதாவது இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருண்டு சக்கரத்தைச் சுற்றவிடும் பாகம்.

டயரைச் சந்தேகிக்காமல் பேரிங்கில் கை வைக்கக் கூடாது. தேய்மானம் ஒரே சீராக இல்லாத டயர் அச்சு அசலாக இதே ஊளையைப் போடும். உள்ளங்கையை டயர் மேல் முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பார்த்தேன். ரம்பப் பல் மாதிரித் தட்டுப்படவில்லை. ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிவிட்டேன். இதிலும் ஒரு தொல்லை: இந்த ஊரில் பல பெரிய சாலைகளுக்கு வெள்ளைக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கான்கிரீட்டில் எல்லா வண்டியும் ஊளையிடும். சோதனை ஓட்டத்தைத் தாரில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

2 ஜூலை, செவ்வாய்

டயர் இடம் மாறியும் சத்தம் முன்பக்கத்திலேயே. பேரிங்தான்.

இனி எந்தப் பக்கம்? ஆளில்லாத இடத்தில் ஐம்பதில் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை லேசாக இடம், வலம் என்று அலைத்தேன். இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். வலப்பக்கம் திருப்பினால் இடது சக்கரங்கள் சுமக்கும். பாரம் ஏறும் பேரிங் கெட்டுப்போயிருந்தால் சத்தம் கூடும். எனக்கு இடது திருப்பத்தில் கூடியது, வலது திருப்பத்தில் குறைந்தது. ஆக வலது முன் சக்கரம்.

கணக்குத் தீர்ந்த சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன்.

6 ஜூலை, சனி

ஜே.சி. ரோடு, வண்டி உதிரிபாகக் கடைத்தெரு. ஞாயிறென்றால் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும், அதனால் இன்றே. நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் 700 ரூபாய்க்கு ஒரு பேரிங்கைக் காட்டி "நூறு பர்சென்ட் ஒரிஜினல் சார்" என்றார்கள். அட்டைப் பெட்டியில் எழுத்து மங்கல், பேரிங்கின் விளிம்பில் எண் ஆழமாகப் பதியாமல் கீறினாற்போல இருந்தது. வைத்துவிட்டு வந்தேன். கடைசிக் கடையில் 1,650. கடைக்காரர் வேலூர்ப் பக்கம். நான் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார், விலையை மட்டும் மாற்றவில்லை. டிரைவ் ஷாஃப்ட் நுனியில் முறுக்கும் ஆக்ஸில் நட் ஒன்றும், பேரிங் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் ஒன்றும் புதிதாகவே வாங்கினேன். நட்டின் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கித்தான் பூட்டுவார்கள். ஒருமுறை மடக்கியதைத் திரும்ப நம்ப முடியாது.

மாலை வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் உட்காரவைத்தேன். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் மாதிரி சஸ்பென்ஷன் மூட்டு வகையறா. எனக்கு இரண்டு பக்கமும் ஆட்டமே இல்லை. இந்த வகை பேரிங் ரொம்ப முற்றிய பிறகுதான் ஆடும், சத்தம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிடும்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஒரு கையால் வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மற்றக் கை விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் பூப்போல வைத்தார். பிறகு இடது பக்கம் போய் அதையே செய்தார். மறுபடி வலது. மறுபடி இடது.

"லெஃப்ட்டு."

"இல்லப்பா, ரைட்டு. நான் ஓட்டிப் பார்த்துட்டேன்."

"நீ கேட்டுச் சொல்ற. நான் தொட்டுச் சொல்றேன்."

நானும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தது. 76 வயது விரலை விட என் காது மேல் என்று முடிவுசெய்துகொண்டேன்.

7 ஜூலை, ஞாயிறு

வலது பக்கம் பிரித்தாயிற்று. இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் ஆக்ஸில் நட்டுக்கு மட்டும். மடிந்த விளிம்பை உளியால் நிமிர்த்தி, சக்கரத்தைக் கீழே இறக்கி, அப்பாவை பிரேக்கில் உட்காரவைத்து, ரெஞ்ச்சில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகித் தொங்கினேன். துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தத்தோடு விட்டது. அப்பாவுக்கே கேட்டது.

பிறகு பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன் (பிரேக் ஹோஸில் பாரம் தொங்கக் கூடாது). ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட், பால் ஜாயிண்ட் பிரித்து, பேரிங் உட்கார்ந்திருக்கும் நக்கிளை அப்படியே கையில் எடுத்து ஆட்டோவில் சிவாஜிநகர் பிரஸ் பட்டறைக்கு. சொல்லி வைத்திருந்ததால் பட்டறைக்கார அண்ணன் ஞாயிறும் திறந்திருந்தார்.

ஹைட்ராலிக் பிரஸ்ஸில், சக்கரம் பூட்டும் ஹப்பைத் தள்ளியதும் பேரிங்கின் உள்வளையத்தில் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. இது எப்போதும் நடப்பதுதான். கிரைண்டரால் ஒரு கீறல் போட்டு உளியால் ஒரு தட்டு, வளையம் விரிந்து கழன்றது. கீறல் ஹப் வரை இறங்கினால் புது பேரிங்கும் நிற்காது, அண்ணன் கை இறங்கவில்லை. சர்க்ளிப்பை எடுத்து வெளிவளையத்தையும் தள்ளினார்.

குண்டுகளைத் துணியில் துடைத்துப் பார்த்தோம். கண்ணாடி. அவை உருளும் ஓடுபாதையிலும் ஒரு புள்ளி இல்லை. கிரீஸ் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது.

"நல்ல பேரிங்க எதுக்கு சார் கழட்டினீங்க?" என்றார் அண்ணன்.

திரும்பப் போட வழியில்லை. ஹப்பை உருவும் விசையே குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு போட்டுவிடும். கழற்றினால் கழற்றியதுதான். புதிதையே போட்டுக்கொண்டு வந்தேன். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

8 ஜூலை, திங்கள்

அலுவலகம் போகும்போது அறுபதில் ஊளை. சொல்ல வேறொன்றும் இல்லை.

10 ஜூலை, புதன்

என் கணக்கு எங்கே தப்பியது என்று இரண்டு நாளாக அதே நினைப்பு. இன்று மதியச் சாப்பாட்டில் ஒரு தாளில் படம் போட்டதும் புரிந்தது. இந்த பேரிங்கில் குண்டுகள் இரண்டு வரிசை. திருப்பத்தில் சக்கரத்துக்கு வருவது மேலிருந்து இறங்கும் பாரம் மட்டுமில்லை, டயரைச் சாலை பக்கவாட்டில் தள்ளும் விசையும் உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் அது ஒரு வரிசையில் ஏறும், எதிர்ப்பக்கம் திருப்பினால் மற்றதில். கெட்டது எந்த வரிசை என்பதைப் பொறுத்து, பாரம் குறைந்த பக்கத்துச் சக்கரமும் கத்தலாம். இடது சக்கரத்தின் கெட்ட வரிசை இடது திருப்பத்தில் கத்தியிருக்கிறது, நான் வலதைப் பிடித்து அடித்திருக்கிறேன். போதாததற்கு, வண்டியின் உடம்பு முழுக்க இரும்புத் தகடு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு எல்லாமே தன் பக்கத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றும்.

13 ஜூலை, சனி

அதே கடை, அதே 1,650. "அந்தப் பக்கமும் போயிடுச்சா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

14 ஜூலை, ஞாயிறு

இந்த முறை பிரிக்க ஐம்பது நிமிடம். அப்பாவும் பட்டறைக்கு வந்தார்.

இடது பேரிங்கின் சீல் பிய்ந்திருந்தது. உள்ளே கிரீஸ் இல்லை, டிகாக்ஷன் நிறத்தில் ஒரு குழம்பு. உள்வரிசை ஓடுபாதையில் அம்மைத் தழும்பு மாதிரி உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. தண்ணீர் புகுந்த வேலை. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் வெளிவட்டச் சாலையில் பம்பர் முழுகும் தண்ணீரில் கால் மணி நேரம் ஊர்ந்தேன். ஓட்டத்தில் சூடேறிய ஹப் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், சீலில் ஒரு நூலிழை சந்து இருந்தால் போதும், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இடது பக்கம்தான் முதலில் போகும் என்பதும் நம்மூரில் நியாயம்தான்: ஓரத்துப் பள்ளம், மூடாத சாக்கடை விளிம்பு எல்லாம் இடது சக்கரத்தின் தலையில்.

அப்பா சட்டைப் பையிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். அண்ணனிடம் பேசத்தான், என்னிடம் இல்லை. பேரிங்கை எதை வைத்து அழுத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே போன வாரம் கழற்றிய வலது பேரிங்கின் வெளிவளையத்தை எடுத்தார். சுற்றளவை ஒரு சுற்று கிரைண்டரில் தேய்த்திருந்தார், நக்கிளுக்குள் சிக்காமல் போய் வர. நக்கிளுக்குள் இறக்கும்போது விசை வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது கீழே உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் விசை குண்டுகள் வழியாகப் போய்ப் புது பேரிங் அன்றைக்கே தழும்போடு பிறக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றுபவர்களிடம் வண்டி ஒரே மாதத்தில் திரும்பிப் போவதும் இதனால்தான். அப்பாவும் அண்ணனும் பத்து நிமிடம் மைக்ரான் கணக்குப் பேசினார்கள். நான் டீ வாங்கப் போனேன்.

வீட்டில் நட்டை முறுக்க, முறுக்கும் விசையை அளந்து காட்டும் நண்பரின் டார்க் ரெஞ்ச், 180 நியூட்டன் மீட்டர் அளவில். "அந்தக் காலத்துல 75 கிலோ ஆள் கால் மீட்டர் கம்பியில நிப்பான், அவ்வளவுதான்" என்றார் அப்பா. கணக்குப் போட்டேன், 184 வருகிறது. இந்த நட்டுதான் உள்வளையத்தின் இரண்டு பாதியையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. இதை முறுக்காமல் வண்டியைத் தரையில் நாலடி தள்ளினால்கூடப் புது பேரிங்குக்கு ஆபத்து.

15 ஜூலை, திங்கள்

வீல் அலைன்மெண்ட் 500. பிரஸ் கூலி இரண்டு முறையும் தலா 400. பேரிங் இரண்டு 3,300. நட்டு, சர்க்ளிப், ஆட்டோ, டீ எல்லாம் சேர்த்து ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதில் கிட்டத்தட்ட பாதி என் காதுக்குக் கட்டிய அபராதம்.

28 ஜூலை, ஞாயிறு

ஓசூருக்கு மறுபடி. நேற்று ஜாக்கியில் ஏற்றி இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தேன், ஸ்பிரிங்கில் விரல் வைத்து. நட்டின் மடிப்பும் அப்படியே இருக்கிறது.

மேம்பாலத்தில் எழுபது. ஏசி ஃபேன் சத்தமும், டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு கிளிப் நடுங்குவதும் கேட்டது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தார். பொம்மசந்திரா தாண்டியதும் காலை மடக்கிச் சீட்டின் மேல் போட்டுக்கொண்டார்.

"ரைட்டுல இருந்த பழைய பேரிங் வளையம் பட்டறையிலயே இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. அண்ணன் வச்சுக்கிறேன்னு கேட்டார், கொடுத்துட்டேன்."

"நல்ல வளையம்" என்றார்.