எலும்பு கூடிய பிறகும் ஐந்து மாதம்

ஹட்டனுக்கு அருகே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) மக்கள் போஞ்சியும் லீக்ஸும் போடும் மரக்கறிப் பாத்திகளைச் சுற்றிக் காட்டுப்பன்றிக்காக நைலோன் வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையில் பெரிய கழுகொன்று சிக்கித் தொங்குகிறது என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் ஓடிவந்து சொன்னது ஓகஸ்ட் மாதத்து மழைநாளொன்றில். போய்ப் பார்த்தபோது, மஞ்சள் முகமும் கறுப்பும் வெள்ளையும் கலந்த கொண்டையும் கொண்ட முதிர்ந்த பாம்புக் கழுகு, இடது சிறகு தொங்க, வாயைத் திறந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தகைய பறவையிடம் அஞ்ச வேண்டியது அலகுக்கு அல்ல, கால் நகங்களுக்கே. தலையில் துவாயைப் போட்டு இருட்டாக்கியதும் அதன் துடிப்பு அடங்கியது. கால்கள் இரண்டையும் பாதத்துக்குச் சற்று மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்ட பின்னரே வலையை அறுத்தோம். வலையை இழுத்துப் பிய்க்காமல், ஒவ்வொரு கண்ணியாகக் கத்தரிக்கோலால் வெட்டினோம். அங்கிருந்த பெரியம்மா ஒருவர் இரக்கப்பட்டு வாயில் தண்ணீர் விடச் சொன்னார். பறவையின் மூச்சுக்குழாய் நாக்கின் பின்பகுதியிலேயே திறந்திருப்பதால், நாம் ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லித் தடுக்க வேண்டியதாயிற்று. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியும் இருட்டும் அமைதியும் மட்டுமே அன்று அதற்கு வேண்டியிருந்தன.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இப்பறவையை யாரும் தம் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே முதலில் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்கள் சொன்னபடி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பெட்டி மடியில் இருந்தது. வாகனத்தின் வானொலியை நிறுத்திவிட்டோம்.

எக்ஸ்ரேயில் தெரிந்தது நல்ல செய்தி என்றே மருத்துவர் சொன்னார். முன்கையின் இரண்டு எலும்புகளில் தடித்ததாகிய அரந்தி முறிந்திருந்தது. அதன் பக்கத்தில் ஓடும் மெல்லிய ஆரை எலும்பு முறியாமல் இருந்ததால், அதுவே உள்ளிருந்து தாங்கும் பத்தையாகிவிடும், கம்பி வைத்து அறுவை செய்யத் தேவையில்லை. சிறகை உடலோடு மடக்கி எட்டு வடிவத்தில் கட்டினார்கள். ஆனால் அந்தக் கட்டை நீண்ட நாள் அப்படியே விடவும் கூடாது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே பாய் போல விரியும் தோல் சுருங்கிவிட்டால், எலும்பு நன்றாகக் கூடினாலும் சிறகு முழுதாக விரியாது. அதனால் இரண்டாம் வாரத்திலிருந்து, மயக்க மருந்து கொடுத்துக் கட்டை அவிழ்த்து, சிறகை மெதுவாக நீட்டி மடக்கினார்கள். மூன்று வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. மாத முடிவில் பறக்க விட்டுவிடலாம் என்றே நான் நம்பினேன்.

அதன் பின் நடந்த தவறு என்னுடையது. திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியோடு, மருத்துவரின் மேற்பார்வையில், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கூடு அமைத்தபோது நான் கோழிக்கம்பி வலையைப் பயன்படுத்தினேன். ஆளரவம் கேட்ட ஒவ்வொரு முறையும் பறவை கம்பியில் பாய்ந்து தொற்றியதில், பத்து நாட்களுக்குள் வால் இறகுகள் ஐந்தும் சிறகு நுனி இறகுகள் இரண்டும் ஒடிந்துபோயின. வளர்ந்து முடிந்த இறகு நகத்தைப் போல உயிரற்றது. ஒடிந்தது தானாகச் சரியாகாது, அது உதிர்ந்து புதியது முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒடிந்த வாலைப் பார்த்த காலையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. கம்பியை அன்றே பிடுங்கிவிட்டு, மூங்கில் பட்டைகளை நெருக்கமாக நிறுத்தி அடித்தேன். பாதத்தில் புண் வராதிருக்க, அமரும் கொம்புகளில் தும்புக் கயிறு சுற்றினேன்.

ஒக்டோபரில் மருத்துவர் இறகு ஒட்டினார். இறந்துபோன இன்னொரு பாம்புக் கழுகின் இறகுகள் அவர்களிடம் பத்திரமாக இருந்தன. வாலில் எந்த இடத்து இறகு ஒடிந்ததோ அதே இடத்து இறகையே தேர்ந்தெடுத்து, அடித்தண்டை அளந்து வெட்டி, இரு பக்கக் குழலுக்குள்ளும் இறுக்கமாகப் பொருந்தும்படி சீவிய மூங்கில் ஈர்க்கைப் பசையோடு செருகினார். ஏழு இறகுகளையும் ஒட்டி முடிக்க நண்பகல் கடந்துவிட்டது. நான் கண்ட கைவேலைகளில் அவ்வளவு பொறுமையானது வேறில்லை. பின்னர் பழைய எக்ஸ்ரே தாளை மடித்து, வாலுக்கு உறையும் போட்டுவிட்டார்.

தீனிக்கு எலியும் கோழிப்பண்ணையில் கிடைத்த ஒருநாள் குஞ்சுகளும் கொடுத்தோம். எலும்பில்லாத இறைச்சி மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிடும் என்பதால் முழு உடலாகவே வைத்தோம். நஞ்சு தின்ற எலி பறவையையும் கொன்றுவிடக்கூடும்; ஆகவே பொறியில் விழுந்தவற்றை மட்டும், வீடு வீடாக விசாரித்த பிறகே வாங்கினேன். மனிதரையும் தீனியையும் அது சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, விடியுமுன் இருட்டில் வைத்துவிட்டு விலகிவிடுவேன். தீபாவளி இரவில் லயத்துப் பிள்ளைகள் பட்டாசுகளை மேல் லயத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். அப்படிச் செய்யும்படி நான் கேட்டுக்கொண்டது ஒரே ஒருமுறைதான்.

டிசம்பரில், மழை விட்ட காலைகளில், தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் காலில் நீண்ட மெல்லிய கயிறு கட்டிப் பறக்க வைத்தோம். முதல் நாள் சில கெஜத் தூரத்திலேயே தரையில் இறங்கி, வாயைத் திறந்து இளைத்தது. பறந்த தூரத்தைவிட, இறங்கிய பின் மூச்சு எவ்வளவு விரைவாகச் சீராகிறது என்பதையே கவனிக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். இரு சிறகும் ஒரே அளவில் அடிக்கின்றனவா என்பதைப் பின்னால் நின்று பார்த்துக் குறித்துவைத்தேன். பொங்கலுக்குள் கயிற்றின் முழு நீளத்துக்கும் பலமுறை பறந்தது. சருகுக்குள் விட்ட உயிருள்ள எலியைத் தானே பிடித்தது.

ஜனவரி கடைசியில், வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் முன்னிலையில், அதே ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் பெட்டியைத் திறந்தோம். பாம்புக் கழுகு வெயிலேறிய பின் எழும் சூட்டுக்காற்றில் மிதக்கும் பறவை என்பதால் ஒன்பதரை மணிவரை காத்திருந்தோம். அது வெளியே நடந்து வந்து, உடலைச் சிலுப்பிக்கொண்டு, பள்ளத்தை நோக்கித் தாழ்வாகப் பறந்து ஒரு சவுக்கு மரத்தில் அமர்ந்தது. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் நிரையிலேயே அசையாமல் நின்றார்கள். கால் மணி நேரம் ஒவ்வோர் இறகாகக் கோதியபின், எழுந்து வட்டமிடத் தொடங்கியது. ஒட்டிய வால் முழுதாக விரிந்து, அதன் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டை கீழிருந்த எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.