திரையில் தெரியும் சிறுநீரகம், வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீரகம்

ரோபோ உதவியுடன் சிறுநீரகக் கட்டியை மட்டும் வெட்டியெடுக்கும்போது, கட்டி வெளியே புடைத்திருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். முழுக்கச் சதைக்குள் புதைந்திருந்தால்தான் முப்பரிமாண வழிகாட்டல், அதாவது ஸ்கேனிலிருந்து கணினியில் செய்த சிறுநீரக மாதிரியைக் கேமரா காட்சியின்மேல் பொருத்திக் காட்டுவது, உண்மையிலேயே கைகொடுக்கிறது.

அடித்தளம் சி.டி. ஸ்கேன்தான். சுமார் 1 மி.மீ. துண்டுகளாக, ஊசியில் செலுத்திய ஸ்கேன் மருந்து தமனியில் ஓடும்போது, சிரையில் ஓடும்போது, சிறுநீரில் வெளியேறும்போது எனத் தனித்தனிக் கட்டங்களாக எடுக்க வேண்டும். 5 மி.மீ. துண்டுகளில் மெல்லிய தமனிக் கிளைகள் காணாமல்போகும். அதிலிருந்து செய்த மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பக்கூடாது.

மாதிரியைக் கேமரா காட்சியின்மேல் பொருத்தும்போதுதான் பிழை நுழைகிறது. ஸ்கேன் எடுத்தது மல்லாந்த நிலையில். அறுவை நடப்பதோ பெரும்பாலும் பக்கவாட்டில், வயிற்றுக்குள் 12–15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வாயு நிரப்பி. சுற்றியுள்ள கொழுப்பை விலக்கியதும் சிறுநீரகம் சுழலும். வெட்டும்போது ரத்தம் கசியாமலிருக்கத் தமனியைக் கவ்வியால் அடைத்ததும் சற்றுத் தளர்ந்து சுருங்கும். மூச்சு வேறு அதை ஓயாமல் நகர்த்தும். எனவே வெட்டும் விளிம்பைக் குறிக்கும் முன், உள்ளே விடும் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியால் சரிபார்க்காமல் விடவே கூடாது. இரண்டும் முரண்பட்டால் அல்ட்ராசவுண்ட் பக்கம் நில்லுங்கள். அது அந்த நொடியின் படம்.

முழுத் தமனிக்குப் பதில் கட்டிக்குப் போகும் கிளைத் தமனியை மட்டும் அடைத்தால், ரத்தத்தில் செலுத்தும் இண்டோசயனின் பச்சைச் சாயம் உதவும். அகச்சிவப்புக் கேமராவில் ரத்தம் ஓடும் பகுதி ஒளிரும், அடைபட்டது இருண்டிருக்கும். ஆனால் முதலில் கவ்வி, பிறகே சாயம். வரிசை மாறினால் சிறுநீரகம் முழுவதும் ஒளிர்ந்துவிடும்; எல்லை தெரியாது.