ஊன்றும் கால்

என் வலது முழங்கை இன்றும் முழுமையாக நிமிராது. கிணற்றில் வாளியை இழுக்கும்போதெல்லாம் அந்தச் சிறு வளைவு, நான் பதினொரு ஆண்டுகள் ஈட்டி எறிந்தவன் என்பதை நினைவூட்டும். திருகோணமலையில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் தொடங்கி, வலயம், மாவட்டம், மாகாணம் என்று ஏறி, தேசிய மட்டத்தில் ஒரே ஒரு முறை இறுதிச் சுற்றில் நின்றேன். என் ஆகக் கூடிய தூரம் 61 மீற்றர். அதற்கு மேல் ஒரு சாண்கூடப் போகவில்லை.

எனக்கு முதலில் ஈட்டியைப் பிடிக்கக் கற்றுத் தந்தவர், கையைப் பலமாக்கு என்று மட்டும் சொன்னார். நானும் நாள் தவறாமல் தண்டால் எடுத்தேன், கல் எறிந்தேன். தம்பலகாமக் குடாவில் வீச்சுவலை வீசும் அப்பா ஒருநாள் மைதானத்துக்கு வந்து, வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, கையாலயா எறியிறாய்? கால் நிக்காட்டி வலையே விரியாது" என்றார். வலைக்கும் ஈட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். அவர் சொன்னதுதான் இந்த விளையாட்டின் முழு நுட்பமும் என்று விளங்க எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன.

ஆண்களுக்கான ஈட்டியின் எடை 800 கிராம், பெண்களுக்கு 600. ஓடி வருபவர் கடைசி ஐந்தாறு அடிகளில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, காலுக்குக் குறுக்கே கால் வைத்து வந்து, முடிவில் இடது காலை மடங்கவிடாமல் தரையில் ஊன்ற வேண்டும். ஓடி வந்த வேகம் அந்தக் காலில் மோதி, இடுப்பு, நெஞ்சு, தோள், முழங்கை, விரல் என்று ஒவ்வொன்றாக ஏற, உலகத் தரத்து வீரரின் கையிலிருந்து ஈட்டி விநாடிக்கு ஏறத்தாழ 30 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. ஊன்றிய கால் மடங்கினால் அந்த வேகம் மண்ணோடு போய்விடும். போனதைக் கை ஈடுசெய்யப் பார்க்கும். கடனை அடைப்பது முழங்கையின் உட்புறத்து இணைப்பு நார். என்னுடையது அப்படித்தான் போனது.

முழங்கை பெரிய வீரர்களையும் விட்டுவைப்பதில்லை. இந்திய ஈட்டி வீரர் நீரஜ் சோப்ரா 2019இல் முழங்கையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அவ்வாண்டின் உலகப் போட்டியைத் தவறவிட்டார்; 2021 ஓகஸ்ட் 7ஆம் திகதி டோக்கியோவில் 87.58 மீற்றர் எறிந்து ஒலிம்பிக் தங்கம் வென்றார். 90 மீற்றரைத் தாண்ட அவருக்கு 2025 மே மாதம் வரை ஆனது; டோஹாவில் 90.23. அப்போது அவரது பயிற்றுநர் யான் ஷெலெஸ்னி. 1992, 1996, 2000 என்று மூன்று ஒலிம்பிக் தங்கங்களை அடுத்தடுத்து வென்ற செக் நாட்டவர் அவர். 1996இல் ஜெர்மனியின் யேனா நகரில் அவர் எறிந்த 98.48 மீற்றரே இன்றும் உலக சாதனை. அவரது எறிதலை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், இடது கால் தறி அடித்தாற்போல் நிற்பதையும், கை எல்லாவற்றுக்கும் பின்னால் சோம்பலாக வருவதையும் காணலாம்.

100 மீற்றரை ஒருவர் தாண்டியிருக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், 1984இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீற்றர் எறிந்தார். ஆனால் அது பழைய ஈட்டி. மைதானமே போதாமற்போகும் என்ற அச்சத்தாலும், ஈட்டி தட்டையாக விழுந்து நுனி முதலில் பட்டதா இல்லையா என்று தகராறு வந்ததாலும், 1986இல் அதன் ஈர்ப்பு மையத்தை 4 சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தி, மூக்கு விரைவாகக் கவிழும்படி செய்தார்கள்.

நம் நாட்டில் என்னை அதிகம் நிமிர்ந்து உட்கார வைத்த எறிதல் தினேஷ் பிரியந்த ஹேரத்துடையது. காயத்தால் ஒரு கை ஊனமுற்ற அவர், டோக்கியோ பராலிம்பிக்கில் தம் பிரிவில் 67.79 மீற்றர் என்ற உலக சாதனையுடன் இலங்கையின் முதல் பராலிம்பிக் தங்கத்தை வென்றார். இரண்டு கையும் நன்றாயிருந்த காலத்தில் நான் எறிந்ததைவிட அது ஏறக்குறைய ஏழு மீற்றர் அதிகம்.

இப்போது சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஈட்டி எங்கே விழுகிறது என்று நான் பார்ப்பதில்லை. கச்சான் காற்று வீசும் நாட்களில் தூரத்தை நம்பவும் முடியாது. ஓடுபாதையின் முடிவில் குனிந்து, இடது கால் பட்ட புல்தரையைப் பார்க்கிறேன். கால் நின்றிருந்தால் அங்கே குழி இருக்கும். வழுக்கியிருந்தால் நீளமாக ஒரு கீறல். சென்ற வாரம் ஒரு சிறுமி எறிந்த நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழிகள்; ஐந்தாவது ஒரு சாண் நீளக் கீறல். அன்றைக்குப் போதும் என்றேன். ஐந்தாவதுதான் அவளுக்கு அன்று ஆகத் தூரம் போயிருந்தது.

"சேர், இன்னும் ஒண்டே ஒண்டு" என்று நின்றாள். நான் ஈட்டிகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டத் தொடங்கினேன்.