இடப்பக்கம் வளைவு, வலப்பக்கம் அடைப்பு

திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் 18 வருடமாக சி.டி. மெஷின் ஓட்டுகிறேன். சைனஸ் ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "மூக்க நல்லா சிந்திட்டு வாங்க. கம்மல், மூக்குத்தி, பல்செட்டு எல்லாம் கழட்டிருங்க. ஆடாம படுத்தா பத்து செகண்டுல முடிஞ்சிரும்." போன மாதம் அதையே என் ஜூனியர் என்னிடம் சொன்னான். கூடவே ஒரு சிரிப்பு வேறு. "சிந்திட்டீங்களாண்ணே?"

இரண்டு மாதமாக வலது மூக்கு அடைப்பு. ராத்திரி முழுக்க வாயால்தான் மூச்சு. இன்ஹேலர் குச்சியை உறிஞ்சினால் மூக்கு திறந்துகொண்டது போல இருக்கும். உண்மையில் எதுவும் திறப்பதில்லை. மென்தால் மூக்குக்குள் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, காற்று நிறையப் போவதாக மூளை நம்பிவிடுகிறது, அவ்வளவுதான். இது தெரிந்த பிறகும் குச்சியை விட மனசு வரவில்லை என்பது வேறு விஷயம்.

படுத்தேன், எழுந்தேன், கன்சோலுக்கு வந்து என் மூக்கை நானே பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூக்கை முன்பக்கமாகப் பார்க்கும் கொரோனல் படத்துக்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் வளைப்போம். வயதானவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. பல் அடைத்திருந்தால் அந்த உலோகம் படம் முழுக்கக் கீறல் கீறலாக இழுத்துவிடும். இப்போது மல்லாக்கப் படுத்தால் போதும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் வெட்டி எடுத்து, வேண்டிய கோணத்தில் கம்ப்யூட்டரே அடுக்கிக் கொடுக்கிறது.

படத்தில் காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை, சதை சாம்பல். மூக்கை நடுவில் இரண்டாகப் பிரிக்கும் தண்டு எனக்கு இடதுபக்கம் நன்றாக வளைந்து, முனையில் ஒரு முள்ளும் நீட்டிக்கொண்டிருந்தது. இடதுபக்கம்! அடைப்போ வலதில். பயல் பக்கத்தை மாற்றிவிட்டானோ என்று முதலில் அவன்மேல்தான் சந்தேகம் வந்தது. படத்தில் நம் இடக்கைப் பக்கம் இருப்பது நோயாளியின் வலது. குறியீட்டை மூன்று முறை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா படத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. தண்டு இடதுபக்கம் சாய்ந்தால் வலதில் இடம் காலியாகும், அந்தப் பக்கத்து டர்பினேட், அதாவது மூக்கின் பக்கச் சுவரில் மடிப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் சதை மூடிய எலும்பு, அந்த இடத்தை நிரப்பப் பெருத்துவிடும் என்றார். சின்ன வயதிலிருந்தே குறுகிக் கிடந்த இடதுபக்கம் எனக்குப் பழகிவிட்டது. தாராளமாக இருந்த வலதில் இப்போது அலர்ஜி வீக்கமும் சேர்ந்து கதவைச் சாத்திவிட்டது. சொட்டு மருந்து விட்டுப் பத்து நிமிடம் உட்காரவைத்தார். அப்புறம் 4 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுக் காட்டினார். பெருத்திருந்த டர்பினேட் சுருங்கியிருந்தது. கன்னத்தை வெளிப்பக்கமாக இழுத்து மூச்சு விடச் சொன்னார், வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் மூக்கின் முன்பக்கத்து இடுக்கில் பெரிய கோளாறு இல்லையாம். அங்கே பக்கச் சுவர் பலவீனமாக இருந்தால், மூச்சை இழுக்கும்போது மட்டும் உள்வாங்கும். ஆடாமல் படுத்திருப்பவனின் சி.டி.யில் அதெல்லாம் தெரியாது.

"நீ எடுத்தது அந்த அஞ்சு செகண்டு மூக்குதானப்பா" என்றார்.

உண்மைதான். நம் மூக்கில் ஒருபக்கம் வீங்கும்போது மறுபக்கம் சுருங்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895இல் இதை எழுதிவைத்தார். என் தாத்தா கைசரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வெளியே கிளம்புமுன் மூக்குக்குக் கீழே விரல் வைத்து 'சரம்' பார்ப்பார். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தக் காலை முதலில் வைப்பார். சகுனக் கணக்கு எனக்கு ஒட்டாது, ஆனால் மூச்சு பக்கம் மாறுவதை அவர் சரியாகவே பிடித்து வைத்திருந்தார். போதாக்குறைக்குப் படுத்தாலே மூக்கு இன்னும் கொஞ்சம் வீங்கும். நாங்கள் எடுப்பதோ படுக்கவைத்து. ஓட்டத்தையும் அழுத்தத்தையும் அளக்க ரைனோமேனோமெட்ரி என்று ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அது இருந்ததில்லை.

கேமராவுக்கு முன்னால் மூக்கு ஏமாற்றும் என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. குழந்தைகளுக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையைப் பார்க்கப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுப்போம். வாயை மூடி, மூக்கால் மூச்சை இழுக்கும் நொடியில் பட்டனை அழுத்த வேண்டும். அழுதாலோ எச்சில் விழுங்கினாலோ உள்நாக்குப் பகுதி மேலே ஏறிவிடும். இல்லாத அடைப்பு படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடினாய்டு வீங்கிய பிள்ளையிடம் "வாயை மூடு" என்பதே கொடுமை. அதற்காக மேசை டிராயரில் ஸ்டிராபெரி வாசனை ரப்பர் ஒன்று வைத்திருக்கிறேன். "மோந்து பாரு, என்ன பழம்?" என்றால் வாய் தானாக மூடும்.

எனக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே. வலது மூக்குக்கு இடது கையால், முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். மூன்று வாரம் ஆகிறது, வாயை மூடித் தூங்குகிறேன். தண்டு வளைந்தபடியேதான் இருக்கிறது.

சைனஸ் ஸ்கேனுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் 'சி.டி. பி.என்.எஸ்.' (மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ்களின் சி.டி.) என்று மட்டும்தான் எழுதியிருக்கும். இப்போதெல்லாம் படுக்கவைக்குமுன் "எந்தப் பக்கம் அடைக்குது? இப்ப அடைச்சிருக்கா?" என்று கேட்டு, பதிலை ரேடியாலஜிஸ்ட்டுக்காகச் சீட்டின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். நேற்று ஒரு பெரியவர், "மெஷினுக்குள்ள போட்டுத்தான பாக்கப் போறிய, அதுக்கு எதுக்குத் தம்பி என்கிட்ட கேக்கிய?" என்றார்.

வலது என்றார். எழுதிக்கொண்டேன்.